எந்த பஸ் என்று கேட்காத கடிதம்

2021 மார்ச் மாதக் கடைசியில் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பினாள். அப்போது அமெரிக்காவில் பி.எச்டி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கடிதம் அவளுடைய பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவிலிருந்து எல்லா மாணவர்களுக்கும் போனது. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "மாமா, இதைப் படிச்சுட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்க."

படித்தேன். "நல்லாத்தானே கண்ணு எழுதியிருக்காங்க" என்று பதில் போட்டுவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் பின்னணி. 2021 மார்ச் 16 அன்று அட்லாண்டாவிலும் அதன் அருகிலும் மூன்று மசாஜ் நிலையங்களில் ஒருவன் சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். மறுநாள் பத்திரிகையாளர்களிடம் பேசிய ஒரு போலீஸ் அதிகாரி, கொலையாளிக்கு அது ஒரு மோசமான நாளாக இருந்தது என்கிற தொனியில் பேசி, நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். கொரோனா தொடங்கியதிலிருந்தே ஓராண்டாகத் தெருவில் திட்டுவது, துப்புவது, வயதானவர்களைத் தள்ளிவிடுவது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அட்லாண்டாவுக்குப் பிறகுதான் பல கல்வி நிறுவனங்கள் மாணவர்களுக்கு ஆறுதல் கடிதம் எழுதின. எனக்கு வந்தது அப்படி ஒன்று.

என் அக்கா மகளின் ரூம்மேட் தைவான் பெண். அட்லாண்டாவுக்கு இரண்டு வாரம் முன்பு, லேபிலிருந்து இருவரும் சிட்டி பஸ்ஸில் திரும்பும்போது ஒரு ஆள் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக வந்து கத்தியிருக்கிறான். வைரஸைக் கொண்டுவந்தவள் நீ, உன் நாட்டுக்கே போ என்று. இறங்கும்போது அவள் காலருகே துப்பிவிட்டுப் போனான். பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த என் அக்கா மகளும் திறக்கவில்லை. அவளுக்குத் தூக்கம் போனது அதனால்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடிதத்தை கோடு ரிவ்யூ செய்தால்

நான் இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். சைக்காலஜி படித்ததில்லை. ஆனால் ஒரு டாக்குமெண்ட் என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் தப்பிக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அந்த முறையில் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

மொத்தம் ஐந்து பத்தி. முதல் பத்தியில் "சமீபத்திய நிகழ்வுகள்" என்று வருகிறது. என்ன நிகழ்வு, எந்த ஊர், யார் இறந்தார்கள், யார் சுட்டது, ஒன்றும் இல்லை. இரண்டாம் பத்தி "பாதிக்கப்பட்டதாக உணரும்" மாணவர்களுக்கு. பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுத மனம் வரவில்லை பாருங்கள், உணர்கிறவர்களாம். மூன்றாவது பத்தியில் நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், நடங்கள், செய்தி பார்ப்பதைக் குறையுங்கள். நான்காவது முழுக்க போன் நம்பர்கள். ஐந்தாவதில் பன்முகத்தன்மையே நம் பலம். முடிந்தது.

வினைச்சொற்களை மட்டும் தனியாக எடுத்து எழுதிப் பார்த்தேன். வேலை உள்ள வினை எல்லாம் மாணவருக்கு: தூங்கு, நட, பேசு, அழை. நிறுவனத்துக்கு மூன்று வினை: வருந்துகிறோம், மதிக்கிறோம், உடன் நிற்கிறோம். இந்த மூன்றில் எதையும் நாளைக்குப் போய் 'செஞ்சீங்களா' என்று கேட்க முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால், டெஸ்ட் கேஸ் எழுத முடியாத ரிக்வயர்மெண்ட்.

எங்கள் கம்பெனியில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு கூட்டம் போடுவோம். போஸ்ட்மார்ட்டம் என்றுதான் அதற்குப் பெயர். எத்தனை மணிக்கு விழுந்தது, எது உடைந்தது, யாருக்கு முதலில் தெரிந்தது, திரும்ப நடக்காமலிருக்க யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது. வாடிக்கையாளருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவதில்லை. அவர் பதற்றமாகத்தான் இருப்பார். அவருடைய பதற்றம் நியாயமானது, ஏனென்றால் சர்வர் நிஜமாகவே விழுந்திருக்கிறது.

என் முதல் விமர்சனம் இதுதான். அந்தத் தைவான் பெண்ணின் பயம் நோய் இல்லை. பஸ்ஸில் நடந்ததை அவள் மனம் சரியாகப் படித்திருக்கிறது. சரியாகப் படித்த மனதை மட்டும் சரிசெய்யக் கூப்பிட்டு, பஸ்ஸை அப்படியே விட்டுவிடுகிறது கடிதம்.

நானும் அதே கடிதத்தைத்தான் எழுதினேன்

பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வது எளிது. அன்று இரவு போனில் நான் அவளிடம் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "உன்னைப் பார்த்தாலே இந்தியான்னு தெரியும் கண்ணு, பயப்படாதே. அந்தப் பொண்ணு கூட மட்டும் கொஞ்ச நாளைக்குச் சேர்ந்து பஸ்ல போகாதே."

அவள் "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டாள்.

இந்த "நம்மளை இல்ல" என்கிற கணக்கு எவ்வளவு தப்பு என்று பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1982 ஜூனில் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். அவர் சில நாளில் இறந்தார். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் அந்த ஊரெங்கும் இருந்த காலம். செத்தவர் ஜப்பானியர் இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கர். அடித்த இருவருக்கும் கிடைத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். ஒருநாள்கூடச் சிறைத்தண்டனை இல்லை.

2001 செப்டம்பர் 15, அரிசோனா மாநிலம் மேசா. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு நான்காம் நாள் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையைப் பார்த்து அரபு முஸ்லிம் என்று நினைத்தவன் சுட்டான். 2017 பிப்ரவரி 22, கன்சாஸ் மாநிலம் ஓலேத்தா. வேலை முடிந்து நண்பரோடு பாரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற ஹைதராபாத் என்ஜினியரைச் சுட்டவன், தான் ஈரானியர்களைச் சுட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜப்பானியர் என்று சீனர், அரபு என்று சீக்கியர், ஈரானியர் என்று தெலுங்கர். வெறுப்பவன் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. ஆளை மாற்றி அடித்ததால் தவறு என்றும் இல்லை, "சரியான" ஆளை அடித்திருந்தாலும் அது கொலைதான். நான் அவளுக்குச் சொன்ன யோசனையில் இந்த இரண்டுமே இல்லை. ஓலேத்தாவில் இன்னொன்றும் நடந்தது. அந்த பாரில் இருந்த ஒரு வெள்ளை இளைஞர் சுட்டவனைத் தடுக்கப் போய் தானும் குண்டடிபட்டார், பிழைத்தார். எல்லோரும் அப்படி இறங்க முடியாது. ஆனால் நான் சொன்ன யோசனை அதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது.

ஏன் போவதில்லை?

கடிதத்தின் நான்காம் பத்தி போன் நம்பர்களைத் தருகிறது. அழைக்கிறார்களா? அமெரிக்காவில் 2002-03-ல் லத்தீன், ஆசிய வம்சாவளி மக்களிடம் ஒரு பெரிய தேசிய ஆய்வு நடந்தது. அதன் தரவை வைத்து 2007-ல் வெளிவந்த ஒரு கட்டுரைப்படி, ஓராண்டில் மனநலம் சம்பந்தமாக ஏதாவது ஓர் உதவியை நாடிய ஆசிய அமெரிக்கர்கள் 8.6 சதவீதம். பொது மக்கள்தொகையில் அது 17.9 சதவீதம். பாதிகூட இல்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம், 'ஆசியக் கலாச்சாரம், வெட்கப்படுவார்கள்.' பொய் என்று சொல்ல மாட்டேன். "உனக்கென்ன பைத்தியமா" என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் இந்த விளக்கம் நிறுவனத்துக்கு ரொம்ப வசதியானது. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம், வராதது உங்கள் கலாச்சாரம் என்று சொல்லிவிடலாம்.

அதே ஆய்வின் தரவை வைத்து அதே 2007-ல் கில்பர்ட் ஜீயும் சக ஆய்வாளர்களும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். பாரபட்சத்தை அதிகம் சந்தித்ததாகச் சொன்னவர்களிடம் மனச்சோர்வும் பதற்ற நோயும் அதிகம் காணப்பட்டது, மற்ற நெருக்கடிகளைக் கணக்கில் எடுத்த பிறகும். ஒரே சமயத்தில் எடுத்த சர்வே என்பதால் எது காரணம் எது விளைவு என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காயம் ஒரு பக்கம் கூடுகிறது, மருந்துக் கடைக்குப் போவது இன்னொரு பக்கம் குறைவாக இருக்கிறது.

இதில் "முன்மாதிரிச் சிறுபான்மை" என்ற பட்டத்தின் பங்கும் உண்டு. 1966 ஜனவரியில் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜப்பானிய அமெரிக்கர்களின் வெற்றியைப் பாராட்டி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பேச்சு பரவியது. அந்த மக்களில் சுமார் 1,20,000 பேரை 1942 முதல் முகாம்களில் அடைத்து வைத்திருந்த நாடு அது. அடைபட்டவர்களில் மூன்றில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள். கால் நூற்றாண்டுகூட ஆகாமல், பாருங்கள் புகார் சொல்லாமல் முன்னேறிவிட்டார்கள் என்று பாராட்டு. கறுப்பின மக்கள் உரிமை கேட்டுத் தெருவில் நின்ற காலத்தில் இந்தப் பாராட்டு யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் இதன் விலை என்ன? மார்க் வாங்கும் அமைதியான மாணவரைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. எங்கள் மானிட்டரிங் டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், உள்ளே டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கும். அந்த மாதிரி.

ஒரு புத்தகம், ஒரு மனக்குறை

இந்த விஷயத்தில் நான் படித்ததில் முக்கியமானது டேவிட் எங், ஷின்ஹீ ஹான் இருவரும் எழுதி 2019-ல் வந்த 'ரேஷியல் மெலன்கோலியா, ரேஷியல் டிஸ்ஸோசியேஷன்'. ஒருவர் இலக்கியப் பேராசிரியர், இன்னொருவர் மாணவர்களுக்கு சிகிச்சை தரும் உளவியலாளர். துக்கம் காலப்போக்கில் ஆறும், ஆறாமல் உள்ளேயே தங்கிவிட்ட துக்கம் வேறு என்று ஃப்ராய்ட் 1917-ல் பிரித்துக் காட்டினார். இவர்கள் அதை எடுத்து, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பொருத்துகிறார்கள். விட்டுவந்த நாடு, மறந்துபோன மொழி, எவ்வளவு முயன்றாலும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளாத புது நாடு. இழந்தது இன்னதென்று சொல்லத் தெரியாததால் அழுது முடிக்கவும் முடியவில்லை. இதைத் தனியாளின் கோளாறாகப் பார்க்காதீர்கள், சமூகம் ஒரு மனதுக்குள் விட்டுப்போன தடமாகப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். ஆசியாவிலிருந்து சின்ன வயதிலேயே தனியாகப் படிக்க அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் பின்பகுதியில் எழுதுகிறார்கள். பிள்ளையை வெளிநாடு அனுப்பிய, அனுப்பப்போகிற பெற்றோர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கலாம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புத்தகம் சிகிச்சை அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. துயரத்தின் வேர் சமூகத்தில் இருக்கிறது என்று இவ்வளவு அழுத்திச் சொன்னவர்கள், சமூகத்தில் எந்த ஆணியைப் பிடுங்க வேண்டும் என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள். நோயின் பெயர் கிடைத்தது எனக்குப் பெரிய உதவி. பஸ் கேள்விக்கு மட்டும் அங்கே பதில் இல்லை.

பதில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது

2009 டிசம்பர் 3. ஃபிலடெல்ஃபியா நகரின் சவுத் ஃபிலடெல்ஃபியா உயர்நிலைப் பள்ளி. அன்று ஒரே நாளில் சுமார் 30 ஆசிய மாணவர்கள், பெரும்பாலும் புதிதாகக் குடியேறியவர்கள், சக மாணவர்களால் வகுப்பறையிலும் சாப்பாட்டு அறையிலும் பள்ளிக்கு வெளியிலும் அடிக்கப்பட்டார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்கு முன்பே பலமுறை புகார் சொல்லியிருந்தார்கள்.

அந்த மாணவர்கள் செய்தது என்னை ஆச்சரியப்படுத்தியது. சுமார் 50 பேர் எட்டு நாள் பள்ளியைப் புறக்கணித்தார்கள். ஆங்கிலமே இன்னும் சரியாக வராத பிள்ளைகள், சமூக அமைப்புகளின் துணையோடு தினமும் கூடிப் பேசினார்கள், கல்வி அதிகாரிகள் முன்னால் போய் சாட்சி சொன்னார்கள். அடித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். இதைக் கறுப்பர்-ஆசியர் சண்டையாக ஆக்கிவிட வெளியே பலருக்கு ஆசை. மாணவர்கள் அதற்கு இடம் தரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு தராத பெரியவர்களைத்தான் கேள்வி கேட்கிறோம் என்று நின்றார்கள்.

மத்திய நீதித்துறை வரை புகார் போனது. 2010 டிசம்பரில் பள்ளி மாவட்டம் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. இனரீதியான தொல்லையைப் பற்றிய நிபுணரை அமர்த்தி விதிகளை மறுபரிசீலனை செய்வது, தடுப்புத் திட்டம் வகுப்பது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயிற்சி தருவது, ஒவ்வொரு புகாரையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும் பதிவு செய்வது, ஆண்டுதோறும் அறிக்கை தருவது. இந்த வாக்கியத்தில் உள்ள வினைகளைப் பாருங்கள். எல்லாமே நிறுவனத்தின் தலையில். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் கேஸ் எழுதலாம்.

மனநலம் பற்றிய பேச்சில் இதை எங்கே வைப்பது என்று கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை நடுவில் வைக்க வேண்டும். அடி வாங்கியவனுக்கு முதலில் போவது 'என்னால் எதையும் மாற்ற முடியும்' என்ற நம்பிக்கை. அதை அந்தப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இது புதுசும் இல்லை. "ஆசிய அமெரிக்கர்" என்ற பெயரே 1968-ல் பெர்க்லியில் யூஜி இச்சியோகா, எம்மா ஜீ என்ற மாணவர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்ததிலிருந்து வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் ஆசிய, லத்தீன் மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீண்டது. எங்கள் வரலாற்றையும் பாடமாக வையுங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. அதன் பலனாக அங்கே இனவியல் கல்விக்கென்று தனிப்புலமே வந்தது. 2020 மார்ச்சில் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற புகார்ப் பதிவு முயற்சியைத் தொடங்கிய மூன்று தரப்புகளில் ஒன்று, அந்தப் புலத்தின் ஆசிய அமெரிக்கத் துறை. இரண்டே ஆண்டில் 11,000-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் அங்கே பதிவாயின. மக்கள் தாங்களாகச் சொன்னவை என்பதால் அதை வைத்து மொத்த நாட்டின் சதவீதம் கணக்கிட முடியாது. ஆனால் பெரும்பான்மை வாய்மொழித் தாக்குதல்கள் என்பது கவனிக்க வேண்டியது. போலீஸ் கணக்கில் ஏறாத, பஸ்ஸில் நடக்கிற அதே விஷயம்.

சரி, எப்படி எழுதியிருக்கலாம்?

கவுன்சலிங் வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிடாதீர்கள். அந்தத் தைவான் பெண் போனாள். மூன்று வாரம் காத்திருந்துதான் அப்பாயிண்ட்மெண்ட் கிடைத்தது, ஆனால் கிடைத்த கவுன்சலர் நல்லவர். தூக்கம் திரும்ப வந்தது. அது சின்ன விஷயம் இல்லை. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இருக்கிற பிள்ளை உடனே போகத்தான் வேண்டும்.

என் கேள்வி, அதோடு கடிதம் ஏன் நின்றது? அட்லாண்டா என்று பெயர் சொல்லியிருக்கலாம். உங்களில் யாருக்காவது பஸ்ஸில், கடையில், வகுப்பில் இப்படி நடந்ததா, எந்த ரூட், எத்தனை மணி என்று கேட்டிருக்கலாம். பஸ் நிர்வாகத்தோடு பேசப்போவது இன்னார் என்று ஒரு பெயர் போட்டிருக்கலாம். இந்த மாதம் அசைன்மெண்ட் தள்ளிக் கொடுக்கலாம், காரணம் நிரூபிக்க வேண்டாம் என்று பேராசிரியர்களுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். எங்களில் மற்றவர்கள் பக்கத்து சீட்டில் இருந்தால் என்ன செய்யலாம் என்று நாலு வரி எழுதியிருக்கலாம். அடுத்த மாதம் இதே தேதியில் என்ன செய்தோம் என்று சொல்கிறோம் என்று முடித்திருக்கலாம். இதில் எதற்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

அந்த வேலையைக் கடைசியில் பிள்ளைகளே செய்தார்கள். ரூம்மேட்டுக்குத் தூக்கம் வந்த பிறகும் பஸ் ஏற மனம் வரவில்லை. லேபுக்கு நாற்பது நிமிடம் நடந்தாள். ஏப்ரலில் என் அக்கா மகள் ஒரு கூகுள் ஷீட் போட்டாள். நாலே காலம்: நாள், நேரம், பஸ் நம்பர், கூட யார். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். அந்த செமஸ்டர் முடிவதற்குள் அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. கொரியா, சீனா, நேபாளம், ஒகாயோவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் வரைக்கும்.

இதை அவள் எனக்குச் சொன்னது ஒரு வருடம் கழித்து, லீவுக்கு ஊருக்கு வந்தபோது. "நீங்க சொன்னதைக் கேட்கலைங்க மாமா" என்றாள். அன்று பஸ்ஸில் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவளைத் தின்றுகொண்டிருந்ததாம். ஷீட் போட்ட ராத்திரிதான் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லவேளை கேட்காமல் போனாய் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளையை அங்கே அனுப்பியிருப்பவர்கள் போனில் பேசும்போது 'சாப்பிட்டியா'ன்னு கேட்பதோடு நிறுத்தாதீங்க. 'லேபிலிருந்து வீட்டுக்கு யாரு கூடப் போறே'ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம், 'உன் கூட யாரு வர்றாங்க'ன்னு மட்டும் இல்லாம, 'நீ யாரு கூடப் போறே'ன்னும் கேளுங்க.